ஆவணத்தில் ஒரு பேக்டிக் குறைகிறது: சொல்வதா, திருத்துவதா, விடுவதா?

ஒரு லைப்ரரியின், அதாவது பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பின், ஆவணத்தைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு அளவுருவுக்கு என்னென்ன மதிப்புகள் தரலாம் என்று பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ஒரே பத்தியாக ஒட்டிக்கொண்டு, நடுநடுவே நட்சத்திரக் குறிகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. தப்பு என்னவென்று பார்த்ததுமே தெரிகிறது. பட்டியலுக்கு மேலே ஒரு வெற்று வரி விட மறந்திருக்கிறார்கள். ஒரு என்டர் தட்டினால் போதும்.

அந்த ஒரு என்டரை எங்கே போய்த் தட்டுவது என்பதில்தான் ஆள் திணறிவிடுகிறார். திட்டத்தின் பக்கத்தில் இஷ்யூ, அதாவது புகார்க் குறிப்பு, போட்டுச் சொல்லிவிடலாமா? திட்டங்களின் கோப்புகள் இருக்கும் கிட்ஹப் தளத்தில் பென்சிலை அழுத்தி அங்கேயே திருத்தி அனுப்பலாமா? ரெப்போவை, அதாவது திட்டத்தின் கோப்புக் களஞ்சியத்தை, இறக்கி முறையாகச் செய்ய வேண்டுமா? இதே தப்பு இன்னும் நாற்பது இடத்தில் இருக்கிறதே, எல்லாவற்றையும் சேர்த்தே துடைத்துவிடலாமா? இல்லை, நமக்கெதற்கு வம்பு என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாமா? அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் என்னிடம் இதைக் கேட்காத வருஷம் இல்லை. ஐந்து வழியிலும் நான் போயிருக்கிறேன். ஐந்திலும் ஒருமுறையாவது மூக்குடைபட்டிருக்கிறேன்.

நான் பைத்தான்காரன். ஆகவே பேச்சு முழுக்க ஸ்பிங்க்ஸ், ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் பக்கமாகவே இருக்கும். இரண்டாவது, ஆவணம் எழுதுகிற குறியீட்டு முறை; அதை இனி ஆர்எஸ்டி என்றே சொல்கிறேன். பைத்தானின் சொந்த ஆவணங்களுக்காக கியோர்க் பிராண்டல் எழுதி 2008-ல் வெளியிட்ட கருவி ஸ்பிங்க்ஸ்; ஆர்எஸ்டியை இணையப் பக்கமாக்குவது அதுதான். ஜாங்கோ, நம்பை, பாண்டாஸ், மேட்பிளாட்லிப் என்ற பைத்தான் லைப்ரரிகள் எல்லாம் அதில்தான் ஆவணம் தயாரிக்கின்றன. மார்க்டவுன் என்ற இன்னொரு குறியீட்டு முறை பழகிய கை இங்கே வந்து தடுக்கி விழுவதால் பிறக்கும் தப்புகளே பாதி.

## மூன்று மாதிரித் தப்புகள்

முதல் தப்பு, பேக்டிக், அதாவது ` என்ற குறி. மார்க்டவுனில் ஒரு சொல்லின் இருபுறமும் ஒற்றை பேக்டிக் போட்டால் அது நிரல் எழுத்துருவில் வரும். ஆர்எஸ்டியில் அதற்கு இரட்டை பேக்டிக் வேண்டும். ஒற்றை போட்டால், வேறு ஏற்பாடு எதுவும் இல்லாத ரெப்போவில் சாய்வெழுத்தாகிவிடும். படிப்பவருக்குக் கண்ணில் சின்ன உறுத்தல், அவ்வளவுதான்.

இரண்டாவது, மேலே சொன்ன ஒட்டிய பட்டியல். இது டாக்ஸ்ட்ரிங்குக்குள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதாவது ஆவணக் கோப்பில் இல்லை; ஃபங்ஷனின் நிரலுக்குள்ளேயே எழுதிவைத்த விளக்கக் குறிப்பில் இருக்கிறது.

மூன்றாவதுதான் விஷமம். நிறுவும் கட்டளை ஒன்றைப் பத்திக்கு நடுவே பேக்டிக் எதுவும் இல்லாமல் எழுதிவிட்டார்கள். அதில் -- என்று இரட்டைக் கோட்டில் தொடங்கும் ஒரு ஆப்ஷன் இருக்கிறது. ஸ்பிங்க்ஸ் சும்மா இருக்காது. அச்செழுத்தை அழகுபடுத்துகிறேன் பேர்வழி என்று அந்த இரண்டு சிறு கோட்டையும் சேர்த்து – என்று ஒரே நீளக் கோடாக்கிவிடும். நேரான மேற்கோள் குறிகளையும் வளைத்துவிடும். பக்கத்தில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. நகலெடுத்து டெர்மினலில் ஒட்டுகிறவருக்கு மட்டும் பிழைச் செய்தி வரும். ஏன் வருகிறது என்றும் புரியாது. ஒருமுறை இதே கோட்டோடு நான் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

மூன்றுமே ஓரிரண்டு எழுத்துத் திருத்தங்கள். ஆனால் மூன்றையும் ஒரே வழியில் அனுப்பினால் சரிப்படாது.

## எதை வைத்து முடிவெடுப்பது

எத்தனை எழுத்து மாற்றுகிறோம் என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். அது ஏமாற்றும். நான் பார்ப்பது நான்கு விஷயங்களை.

தப்பால் யாருக்கு என்ன நஷ்டம்? கண்ணை உறுத்துவது வேறு, ஆளைத் தவறான வழியில் அனுப்புவது வேறு. முதல் தப்பு உறுத்தல். மூன்றாவது, ஆளையே கவிழ்ப்பது. இரண்டாவது நடுவில் நிற்கிறது: பொறுமையாகப் படித்தால் அர்த்தம் பிடிபட்டுவிடும்.

தப்பு எந்தக் கோப்பில் குடியிருக்கிறது? இணையப் பக்கத்தில் தெரிகிற வரி ஓர் ஆர்எஸ்டி கோப்பில் இருக்கலாம், டாக்ஸ்ட்ரிங்கில் இருக்கலாம், பக்கத் தோற்றத்தை அமைக்கும் தீமின் டெம்ப்ளேட்டில் இருக்கலாம். தாய் கிளாஸின் டாக்ஸ்ட்ரிங்கைப் பிள்ளை கிளாஸ் அப்படியே எடுத்துக் காட்டுவதும் உண்டு. அப்போது தப்பு வேறொரு லைப்ரரியில்கூட இருக்கலாம். எந்த வழி என்பதைப் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது.

திருத்தியபின் பக்கம் எப்படி வரும் என்று உங்கள் கண்ணால் பார்க்க முடியுமா? முடியாதென்றால் நீங்கள் அனுப்புவது திருத்தம் இல்லை, ஊகம். அதைச் சரிபார்க்கும் வேலை இன்னொருவர் தலையில் விழுகிறது.

எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு வேலை? உங்களுக்கு ஐந்து நிமிஷம். பராமரிப்பாளருக்கு? அவர் அறிவிப்பைத் திறக்க வேண்டும், கோப்பைப் பார்க்க வேண்டும், சோதனைகள் ஓடி முடியக் காத்திருக்க வேண்டும், தலைப்பைச் சரிசெய்ய வேண்டும், பழைய பதிப்புகளுக்கும் இது போக வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைச் சம்பளமில்லாமல் ஞாயிற்றுக்கிழமை செய்கிறவர்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இதைச் செய்யாமல் நான் பலமுறை அசடு வழிந்திருக்கிறேன். நீங்கள் பார்ப்பது எந்தப் பதிப்பின் ஆவணம்? ஆவணங்களை வெளியிடும் ரீட் த டாக்ஸ் தளத்தில் ‘ஸ்டேபிள்’ என்பது கடைசியாக வெளியான பதிப்பைக் காட்டும். ‘லேட்டஸ்ட்’ என்பது மெயின் பிராஞ்ச்சில், அதாவது வேலை நடக்கும் முதன்மைக் கிளையில், இன்று இருப்பதைக் காட்டும். தேடுபொறி உங்களை ஸ்டேபிளில்தான் கொண்டுபோய் இறக்கும். சில சமயம் நாலு வருஷம் பழைய பதிப்பில். லேட்டஸ்ட்டுக்கு மாறிப் பாருங்கள். யாரோ ஒரு புண்ணியவான் ஏற்கெனவே திருத்தியிருப்பார்.

## வழி 1: இஷ்யூ போட்டுச் சொல்லிவிடுவது

இதுதான் அடக்கமான வழி, யாருக்கும் தொந்தரவு இல்லாத வழி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வெற்று வரி விடுபட்டதற்காக, படம் எல்லாம் இணைத்து, நான்கு பத்தியில் இஷ்யூ எழுதினேன். ‘நன்றி, ஒரு புல் ரெக்வெஸ்ட் அனுப்ப முடியுமா?’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதாவது, திருத்தத்தையே செய்து, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பச் சொல்கிறார். நான் எழுதியதை அவர் படித்த நேரத்தில் நான்கு திருத்தங்களைச் சேர்த்திருப்பார்.

விடை கையில் இருக்கும்போது இஷ்யூ போடுவது வேலையைக் குறைப்பதில்லை; இடம் மாற்றுகிறது. படித்து, லேபிள் ஒட்டி, கோப்பைத் தேடி, திருத்தி, மூட வேண்டும். அதனால்தான் எழுத்துப்பிழை மாதிரியான அற்பத் திருத்தங்களுக்கு இஷ்யூ தேவையில்லை, நேராகப் புல் ரெக்வெஸ்ட் அனுப்புங்கள் என்று பைத்தான் மொழியின் மூலத் திட்டமான சிபைத்தானின் வழிகாட்டி சொல்கிறது. ஜாங்கோவிலும் அப்படியே: பெரிய மாற்றத்துக்கு டிக்கெட் கட்டாயம், எழுத்துப்பிழைக்கு வேண்டாம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சின்ன இஷ்யூ என்றால் பராமரிப்பாளர் ‘முதல்முறை வருவோருக்கு ஏற்றது’ என்று லேபிள் ஒட்டிவிடுவார். அடுத்த ஒரு மணி நேரத்தில் ‘இதை எனக்கு ஒதுக்குங்கள்’ என்று ஆறு பேர் வந்து நிற்பார்கள். ஒரு பேக்டிக்குக்கு ஆறு பேர் வரிசை.

ஆனால் இஷ்யூதான் சரி என்கிற இடங்களும் இருக்கின்றன. எது சரியான வாசகம் என்று உங்களுக்கே தெரியாதபோது: அந்தப் பட்டியலில் மூன்று மதிப்பா, நான்கா? தப்பு தீமில் இருந்து எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி தெரியும்போது. அப்புறம், அலுவலக ஒப்பந்தப்படி வெளித் திட்டங்களுக்கு நிரல் அனுப்ப அனுமதி வாங்க வேண்டிய நிலையில் நீங்கள் இருக்கும்போது. இது பலர் கவனிக்காத விஷயம். டாக்ஸ்ட்ரிங் திருத்தமும் நிரல் கோப்பில் செய்கிற மாற்றம்தான். இஷ்யூ போடுவதென்றால் பக்கத்தின் முகவரி, பதிப்பு, மூலக் கோப்பின் பெயர், வரி எண், என்ன தெரிகிறது, என்ன தெரிய வேண்டும். இவ்வளவு போதும். ஆவணம் மோசம் என்று இரண்டு வரி புலம்பல் சேர்க்க ஆசை வரும். வேண்டாம்.

## வழி 2: பென்சிலை அழுத்தி அங்கேயே திருத்துவது

பல ஆவணப் பக்கங்களின் மேல்மூலையில் ‘கிட்ஹப்பில் திருத்து’ என்று ஒரு இணைப்பு இருக்கும். அழுத்தினால் மூலக் கோப்பு திறக்கும். பென்சில் படத்தை அழுத்தினால் கிட்ஹப் தானாகவே உங்கள் கணக்கில் ரெப்போவின் நகலாக ஒரு ஃபோர்க் எடுத்து, ‘பேட்ச்-1’ என்று ஒரு பிராஞ்ச் போட்டு, புல் ரெக்வெஸ்ட் வரை கையைப் பிடித்து அழைத்துப் போகும். கணினியில் எதையும் நிறுவ வேண்டாம். பேருந்தில் போகிறபோது கைபேசியிலேயே செய்திருக்கிறேன்.

ஆர்எஸ்டி கோப்பில் இருக்கிற தப்புக்கு இதைவிட நல்ல வழி இல்லை. என் மூன்றாவது தப்பு, அந்தக் கோடு, அப்படிப்பட்டதுதான். கட்டளையின் இருபுறமும் இரட்டை பேக்டிக் போட்டால் ஸ்பிங்க்ஸ் அதைத் தொடாது. முடிந்தது.

மறைவாக உட்கார்ந்திருக்கும் செலவுகளைச் சொல்கிறேன்.

பெரிய குழி டாக்ஸ்ட்ரிங்தான். ஒரு ஃபங்ஷனின் விளக்கப் பக்கத்தில் நின்றுகொண்டு ‘திருத்து’ என்று அழுத்தினால், திறக்கிற கோப்பில் நீங்கள் பார்த்த வாக்கியம் எதுவுமே இருக்காது. ‘இந்த மாட்யூலின் டாக்ஸ்ட்ரிங்குகளை இங்கே கொண்டு வா’ என்று ஸ்பிங்க்ஸின் ஆட்டோடாக் நீட்சிக்குச் சொல்கிற இரண்டே வரி இருக்கும். புதியவர்கள் இங்கேதான் குழம்பி, இருக்கிற இரண்டு வரியை நீக்கிவிட்டு விளக்கத்தைக் கையால் எழுதி அனுப்புகிறார்கள். வேண்டியது அந்தப் பக்கத்தில் இருக்கிற ‘மூலம்’ இணைப்பு. அது நிரல் கோப்புக்குப் போகும்.

அடுத்தது முன்னோட்டம். கிட்ஹப் ஆர்எஸ்டியை ஓரளவு காட்டும். ஆனால் ஸ்பிங்க்ஸுக்கே உரிய குறிகளை அது அறியாது. ஃபங்ஷனுக்கு இணைப்பு கொடுக்கிற குறி, குறுக்கு இணைப்பு எல்லாம் அங்கே அரைகுறையாகத் தெரியும். அதைப் பார்த்து, சரியாக இருந்ததையும் ‘திருத்தி’விடாதீர்கள். நல்ல செய்தி என்னவென்றால், பல திட்டங்கள் ஒவ்வொரு புல் ரெக்வெஸ்டுக்கும் ரீட் த டாக்ஸில் தனி முன்னோட்டப் பக்கம் கட்டித் தருகின்றன. அனுப்பியபின் கீழே சோதனைகளின் வரிசையில் அந்த இணைப்பு வரும். திறந்து பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் பார்ப்பதில்லை என்று அடித்துச் சொல்வேன்.

காகித வேலையும் உண்டு. சிபைத்தானுக்கு முதல்முறை அனுப்பினால் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்லி பாட் என்ற தானியங்கி நிரல் வந்து நிற்கும். வேறு சில திட்டங்களில் ஒவ்வொரு கமிட்டின், அதாவது பதிவு செய்த மாற்றத்தின், கீழும் உங்கள் பெயர், மின்னஞ்சலுடன் ஒப்புதல் வரி இருக்க வேண்டும். உலாவியில் திருத்தும்போது அதை மறந்துவிடுவோம், சோதனை சிவப்பாகிவிடும். அதோடு, 2021 முதல், சோதனைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் முதல்முறை வருகிறவரின் சோதனைகள் பராமரிப்பாளர் ‘சரி’ என்று அழுத்தும்வரை ஓடாது. அடுத்தவர் கணினியில் கிரிப்டோ நாணயம் தோண்டியவர்களால் வந்த வினை. ஆக, ஒன்றும் நகரவில்லையே என்று இரண்டாம் நாளே பதற வேண்டாம்.

இரண்டு மூன்று கோப்பில் ஒரே தப்பு என்றால் பென்சிலை விட்டுவிட்டு, ரெப்போ பக்கத்தில் நின்று விசைப்பலகையில் முற்றுப்புள்ளியை ஒருமுறை தட்டுங்கள். உலாவிக்குள்ளேயே முழு எடிட்டர் திறக்கும். எல்லாத் திருத்தமும் ஒரே கமிட்டில் போகும்.

## வழி 3: இறக்கி, பில்ட் செய்து, பார்த்து அனுப்புவது

புத்தகத்தில் சொல்கிற வழி இது. குளோன் எடுத்து, தேவையானவற்றை நிறுவி, ஆவணத்தை உங்கள் கணினியிலேயே பில்ட் செய்து, திருத்தத்துக்கு முன்னும் பின்னும் பக்கத்தைப் பார்த்துவிட்டு அனுப்புவது. டாக்ஸ்ட்ரிங் தப்புக்கு, அதாவது என் இரண்டாவது தப்புக்கு, இதையே சொல்வேன்.

ஏனென்றால் டாக்ஸ்ட்ரிங்குக்கு, அனுப்புவதற்கு முன் பார்க்க, முன்னோட்டம் கிடையாது; கிட்ஹப்புக்கு அது வெறும் நிரல். அதற்குள் வேலை செய்கிற விதிகளோ இரண்டு மடங்கு: ஆர்எஸ்டியின் விதி ஒன்று, பைத்தானின் விதி ஒன்று. வரி மாற்றக் குறியீட்டை உதாரணமாகக் காட்ட நினைத்து டாக்ஸ்ட்ரிங்கில் பின்சாய்கோடு போட்டு எழுதியிருப்பார்கள். பைத்தான் அதை நிஜ வரி மாற்றமாகவே எடுத்துக்கொண்டு, உதாரணத்தை இரண்டாக உடைத்துவிடும். தொடக்க மேற்கோள் குறிகளுக்கு முன் ‘ஆர்’ எழுத்தைச் சேர்ப்பதுதான் திருத்தம். அதைச் சேர்த்ததும் அந்த டாக்ஸ்ட்ரிங்கின் உதாரணங்களில் ஏற்கெனவே இரட்டிப்பாக எழுதி வைத்த பின்சாய்கோடுகள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பிக்கும். ஒன்றைச் சரிசெய்யப் போய் மூன்றைக் கெடுப்பது என்பது இதுதான்.

நம்பை பாணி டாக்ஸ்ட்ரிங்கில் இன்னொரு நுணுக்கம். அளவுருவின் பெயருக்கும் அதன் வகைக்கும் இடையே வரும் முக்காற்புள்ளிக்கு முன்னால் ஓர் இடைவெளி கட்டாயம். விடாவிட்டால் பெயர், முக்காற்புள்ளி, வகை மூன்றையும் சேர்த்து ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். பைத்தான் நிரலில் வகைக் குறிப்பு எழுதிப் பழகிய கை முன்னால் இடைவெளி விடாது. அதனால் இந்தத் தப்பை எங்கும் பார்க்கலாம். நட்சத்திரத்தில் தொடங்கும் அளவுருப் பெயர்களும் தொல்லை தரும். ஆர்எஸ்டிக்கு நட்சத்திரம் என்றால் சாய்வெழுத்தின் தொடக்கம், முடிவைத் தேடித் தேடி அலறும்.

சரி, செலவு? முதல் தடவை அரை நாள் போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோடாக் டாக்ஸ்ட்ரிங்கைப் படிக்க அந்த லைப்ரரியை இம்போர்ட் செய்கிறது. நம்பை, பாண்டாஸ் மாதிரி சி மொழி கலந்த லைப்ரரி என்றால், ஒரு வெற்று வரியைப் பார்ப்பதற்காக முழு லைப்ரரியையும் கம்பைல் செய்ய வேண்டிவரும். மடிக்கணினியின் விசிறி விமானம் மாதிரி இரையும்.

குறுக்கு வழிகள் இருக்கின்றன. குளோன் எடுக்கும்போது முழு வரலாற்றையும் இழுக்காமல் கடைசி நிலையை மட்டும் எடுக்கலாம். பாண்டாஸின் ஆவண ஸ்கிரிப்ட் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் பில்ட் செய்ய விடும். நான் செய்வது இன்னும் எளிது: ஸ்பிங்க்ஸில் ஒரு காலித் திட்டம் எப்போதும் தயாராக வைத்திருக்கிறேன். சந்தேகமான டாக்ஸ்ட்ரிங்கை ஒரு வெற்று ஃபங்ஷனில் ஒட்டி, அதே நீட்சிகளைப் போட்டு பில்ட் செய்தால் பத்து விநாடியில் விடை தெரிந்துவிடும். இணைப்புகள் வேலை செய்யாது. ஆனால் பட்டியல் பட்டியலாக வருகிறதா என்று தெரிந்துகொள்ள இது போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எச்சரிக்கைகளையெல்லாம் பிழையாக எடுத்துக்கொள் என்று ஸ்பிங்க்ஸுக்குச் சொல்லி பில்ட் செய்தேன், சுத்தமாக வந்துவிட்டது, ஆகவே எல்லாம் சரி என்று நம்பிவிடாதீர்கள். நம் மூன்று தப்புகளையும் ஸ்பிங்க்ஸ் வாயைத் திறக்காமல் விழுங்கிவிடும். ஒற்றை பேக்டிக் அதன் பார்வையில் சரியான ஆர்எஸ்டி. ஒட்டிய பட்டியல் ஒரு நீளமான பத்தி, அவ்வளவுதான். நீண்டுவிட்ட கோட்டை அதுவேதான் போட்டது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

டாக்ஸ்ட்ரிங்கைத் தொட்டால் இன்னும் இரண்டு விளைவுகள். நிரல் கோப்பு மாறுவதால் முழுச் சோதனை வரிசையும் ஓடக்கூடும். உதாரணங்களை டாக்டெஸ்டாக, அதாவது வருகிற விடையை எழுதியிருக்கிற விடையோடு ஒப்பிட்டு, ஓட்டுகிற திட்டம் என்றால் ஓர் இடைவெளி பிசகினாலும் சிவப்பு விழும். அப்புறம், டெர்மினலில் ‘ஹெல்ப்’ போட்டுப் படிக்கிறவர்களுக்கு அலங்காரம் இல்லாத மூல எழுத்துதான் தெரிகிறது. இணையப் பக்கத்தில் அழகாக வர வேண்டும் என்று குறிகளை அடுக்கினால் அவர்களுக்கு அது முள்வேலி.

## வழி 4: ஒரே தப்பை ரெப்போ முழுக்கத் துடைப்பது

ஒரு பேக்டிக்கைக் கண்டதும் தேடல் போடுகிறோம். இருநூறு இடத்தில் இருக்கிறது. தேடி மாற்ற ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒன்று எழுதினால் ஒரே நொடியில் எல்லாம் சுத்தம். கை துறுதுறுக்கும். இந்த ஐந்து வழிகளில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான், அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் இதில்தான்.

பேக்டிக்கையே எடுத்துக்கொள்வோம். ஒற்றை பேக்டிக் தப்பு என்றேன் அல்லவா? மேட்பிளாட்லிப்பில் அது தப்பில்லை. அங்கே கன்ஃபிக் கோப்பில், ஒற்றை பேக்டிக்குக்குள் வருவதெல்லாம் ஒரு பைத்தான் பொருளின் பெயர், அதற்கு இணைப்பு கொடு என்று அமைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் எல்லாவற்றையும் இரட்டையாக்கினால், ஆவணம் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். நூற்றுக்கணக்கான இணைப்புகள் சத்தமில்லாமல் செத்திருக்கும். ஆகவே முதலில் திறக்க வேண்டிய கோப்பு ஸ்பிங்க்ஸின் கன்ஃபிக். ‘டிஃபால்ட் ரோல்’ என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த செலவு மொழிபெயர்ப்பாளர்களுக்கு. இதை யாருமே யோசிப்பதில்லை. பைத்தான் ஆவணங்களுக்கு ஜப்பானியம், கொரியம், பிரெஞ்சு, ஸ்பானியம் எனப் பல மொழிகளில் மொழிபெயர்ப்புகள் உண்டு. அதற்கான ஏற்பாட்டை 2017-ல் பெப் 545 என்ற பைத்தான் முன்மொழிவு வகுத்தது. ஒவ்வொரு ஆங்கிலப் பத்தியும், பேக்டிக் உட்பட அப்படியே, கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கோப்பில் சாவியாக இருக்கிறது. ஒரு பேக்டிக் கூடினாலும் சாவி மாறிவிடும். அந்தப் பத்தியின் மொழிபெயர்ப்பு ‘ஃபஸி’, அதாவது சந்தேகத்துக்குரியது, என்று குறிக்கப்படும். யாராவது வந்து மறுபடி ஒப்புதல் தரும்வரை வாசகருக்கு அது ஆங்கிலத்திலேயே தெரியும். நீங்கள் இருநூறு பத்தியில் அழகு பார்த்தால், ஒவ்வொரு மொழிக்காரருக்கும் இருநூறு பத்தி வேலை. ஆள் பலம் குறைந்த மொழிகளில் அது மாதக்கணக்கில் ஆங்கிலமாகவே கிடக்கும். நம் பக்கத்து மொழிபெயர்ப்பு முயற்சிகளைப் பார்த்தவர்களுக்கு இதன் வலி தெரியும்.

கிட் பிளேம் இன்னொன்று. ஒரு வரியை யார், ஏன் எழுதினார் என்று தேடுகிறவருக்கு இனி எல்லா வரியிலும் உங்கள் பெயர்தான் நிற்கும். கிட் 2.23 பதிப்பில், 2019-ல், குறிப்பிட்ட கமிட்டுகளைப் பிளேமில் தாண்டிப் போகும் வசதி வந்தது. அதற்கான பட்டியல் கோப்பு ரெப்போவில் இருந்தால் உங்கள் கமிட்டையும் அதில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பெயர் கெடுகிற ஆபத்தும் இருக்கிறது. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் நடத்திவந்த, புல் ரெக்வெஸ்ட் அனுப்புகிறவர்களுக்குப் பரிசு தந்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், 2020 அக்டோபர் பிறந்ததும் டி-ஷர்ட் ஆசையில் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் அர்த்தமில்லாத திருத்தங்கள் வெள்ளமாக வந்தன. மூன்றாம் தேதியே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த ரெப்போக்கள் மட்டுமே கணக்கில் வரும் என்றார்கள். 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் ரெப்போவுக்கும் இதே கதி. புல் ரெக்வெஸ்ட் எப்படிப் போடுவது என்று கற்றுத் தந்த ஒரு காணொளியைப் பார்த்து, இந்திய மாணவர்கள் பலர் ரீட்மீயில் தங்கள் பெயரைச் சேர்த்து அனுப்பிக் குவித்தார்கள். அதிலிருந்து, தெரியாத கணக்கிலிருந்து வரும் ஆவணத் திருத்தம் என்றாலே சில பராமரிப்பாளர்கள் புருவம் உயர்த்துகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் துடைக்கவே கூடாதா? கூடும், கேட்டுவிட்டு. நல்ல உதாரணம் பாண்டாஸ். 2018 மார்ச் 10 அன்று உலகின் பல நகரங்களில் ஒரே நாளில் உட்கார்ந்து டாக்ஸ்ட்ரிங்குகளைத் திருத்தினார்கள். முன்கூட்டியே வழிகாட்டி எழுதி, சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் தயாரித்து, ஃபங்ஷன்களைப் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு டாக்ஸ்ட்ரிங். பார்ப்பவருக்கும் ஒரு நேரத்தில் ஒன்று. நீங்கள் தனியாளாகச் செய்வதென்றால், முதலில் ஓர் இஷ்யூ போட்டு ஐந்து மாதிரித் திருத்தம் காட்டி சம்மதம் வாங்குங்கள். அடைவு அடைவாகப் பிரித்து அனுப்புங்கள். பழைய வெளியீட்டுக் குறிப்புகளைத் தொடாதீர்கள். முடிந்தால், ஆர்எஸ்டி தப்புகளைக் கண்டுபிடிக்கும் ஸ்பிங்க்ஸ்-லின்ட் போன்ற கருவியைத் திட்டத்தின் தானியங்கிச் சோதனையில் சேர்த்துவிடுங்கள். இருநூறு பேக்டிக்கைத் திருத்தியதைவிட, இருநூற்றொன்றாவது வராமல் தடுத்ததைத்தான் பராமரிப்பாளர் நினைவில் வைத்திருப்பார்.

## வழி 5: விட்டுவிடுவது

இதையும் ஒரு வழியாகச் சேர்த்திருப்பது சிலருக்குப் பிடிக்காது. பழைய பதிப்பின் ஆவணம், பராமரிப்பு நின்றுபோன ரெப்போ, விரைவில் மாற்றி எழுதப்போவதாக அறிவித்த பக்கம்: இவற்றில் பேக்டிக் தேடுவது வீண் வேலை. தலைப்பில் எந்தச் சொல் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், பட்டியலின் கடைசியில் முற்றுப்புள்ளி வேண்டுமா என்பதெல்லாம் தப்பு இல்லை, ரசனை. திட்டத்தின் நடைக் கையேட்டில் எழுதியிருந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள்.

முதல் தப்பு, அந்த ஒற்றை பேக்டிக், தனியாக ஒன்றே ஒன்று என்றால் பெரும்பாலும் விட்டுவிடுகிறேன். அதே பக்கத்தில் வேறு ஏதாவது திருத்த நேர்ந்தால் அதோடு சேர்த்து அனுப்புவேன். ஆனால் மூன்றாவது வகையை விட மாட்டேன். அடுத்தவரின் முக்கால் மணி நேரம் அதில் இருக்கிறது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | உங்கள் நேரம் | பராமரிப்பாளர் நேரம் | விளைவைப் பார்க்க முடியுமா | மறைவான செலவு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|---|
| இஷ்யூ | 10 நிமிஷம் | அதிகம் | பொருந்தாது | வேலை கைமாறுகிறது | விடை தெரியாதபோது, தீம் தப்பு |
| பென்சில் | 5 நிமிஷம் | குறைவு | முன்னோட்டப் பக்கம் இருந்தால் | ஒப்பந்தம், தவறான கோப்பு | ஆர்எஸ்டி கோப்பில் ஓரிரு தப்பு |
| உள்ளூர் பில்ட் | முதல்முறை அரை நாள் | மிகக் குறைவு | முழுமையாக | கம்பைல், முழுச் சோதனை | டாக்ஸ்ட்ரிங், அட்டவணை, உதாரணம் |
| முழுத் துடைப்பு | ஒரு நாள் முதல் வாரம் வரை | மிக அதிகம் | மாதிரிக்குச் சில பக்கம் | மொழிபெயர்ப்பு, பிளேம், இணைப்பு முறிவு | சம்மதம் வாங்கியபின், லின்ட்டோடு |
| விடுதல் | இல்லை | இல்லை | பொருந்தாது | ஆளைக் கவிழ்க்கும் தப்பென்றால் பெரிது | ரசனை, பழைய பதிப்பு |

நேரக் கணக்கெல்லாம் என் கைக்கணக்கு. உங்களுக்குக் கூடலாம், குறையலாம்.

## அனுப்பும்போது

எந்த வழியில் அனுப்பினாலும் விவரக் குறிப்பு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். எந்தப் பக்கம், இப்போது எப்படித் தெரிகிறது, திருத்தியபின் எப்படித் தெரிகிறது. முன்னும் பின்னும் ஒவ்வொரு படம் வைத்தால் பராமரிப்பாளர் பில்ட் செய்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தலைப்பில் திட்டம் கேட்கிற முன்னொட்டைச் சேருங்கள். நம்பை, சைபை, பாண்டாஸ் மூன்றிலும் ஆவணத் திருத்தத்துக்கு ‘டாக்’. ஒரே புல் ரெக்வெஸ்டில் பேக்டிக் திருத்தத்தையும் வாக்கியத்தை மாற்றி எழுதியதையும் கலக்காதீர்கள். முதலாவதைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பார்கள். இரண்டாவதற்கு விவாதம் வரும், முதலாவதும் அதோடு மாட்டிக்கொள்ளும்.

சேர்த்துவிட்டார்கள் என்று மின்னஞ்சல் வந்ததும் ஆவணப் பக்கத்தைத் திறந்து பார்த்து, இன்னும் பழைய தப்பே தெரிகிறதே என்று இன்னோர் இஷ்யூ போட்டுவிடாதீர்கள். சிபைத்தானில் மெயின் பிராஞ்ச்சில் சேர்ந்த ஆவணத் திருத்தத்தை, தேவையான லேபிளை ஒட்டினால், ஒரு பாட் பராமரிப்பில் உள்ள பழைய பிராஞ்ச்களுக்கும் எடுத்துப் போகும். பல லைப்ரரிகளில் அந்த ஏற்பாடு கிடையாது. அடுத்த வெளியீடு வரும்வரை ஸ்டேபிள் பக்கத்தில் அந்த நட்சத்திரக் குறிகள் அங்கேயேதான் துருத்திக்கொண்டிருக்கும்.